கேஸ்லி ஹேஃபர்ட்: தேசியவாதியா, முடியின் விசுவாசியா?

பெப்ரவரி 2. இழையைத் தொடங்கிய வாசகர் கேள்வி

ஜே. ஈ. கேஸ்லி ஹேஃபர்ட்டை மேற்கு ஆபிரிக்கத் தேசியவாதத்தின் முன்னோடி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் 1916இல் தேசாதிபதியால் நியமிக்கப்பட்ட சட்டசபை உறுப்பினர், 1919இல் பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. பட்டம் வாங்கியவர். 1920இல் அவர் முன்னின்று கூட்டிய மாநாடு பிரித்தானிய முடிக்கு விசுவாசம் தெரிவித்தது. விடுதலை வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. இவரை எந்தக் கணக்கில் தேசியவாதி என்கிறீர்கள்?

பெப்ரவரி 2, இரவு

சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து வந்த முடிவுதான் அவசரமானது. நான் காணி வழக்குகளிலேயே காலத்தைக் கழித்த சட்டத்தரணி. ஆகையால் இதை ஒரு வழக்குரைஞரின் கண்ணால்தான் என்னால் பார்க்க முடிகிறது.

1866இல் கேப் கோஸ்ட் நகரத்தில், மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கேஸ்லி ஹேஃபர்ட். ஃப்ரீடவுனில் உள்ள ஃபூரா பே கல்லூரியில் படித்து, ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்து, பிறகு லண்டன் இன்னர் டெம்பிளில் சட்டம் பயின்று 1896இல் பாரிஸ்டரானார். இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்டின் கரையோரத்தில் பிரித்தானியர் எந்த உரிமையின் பேரில் இருந்தார்கள் என்பதுதான் அவர் தலைமுறை எழுப்பிய முதல் கேள்வி. அங்கே அவர்களுக்குக் கோட்டைகள் இருந்தன, வணிகம் இருந்தது, 1844ஆம் ஆண்டின் உடன்படிக்கை ஒன்று இருந்தது. கரையோரத்தின் ஃபான்டி இனத் தலைவர்கள் அதில் கையெழுத்திட்டு, கொலை, கொள்ளை போன்ற குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தில் பிரித்தானியருக்கு இடம் கொடுத்தார்கள். நிலத்தைக் கொடுக்கவில்லை, வரி விதிக்கும் உரிமையையும் கொடுக்கவில்லை.

ஆகவே கரையோர மக்கள் போரில் தோற்று அடிமைப்பட்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் ஓர் ஒப்பந்தத்தின் மறுதரப்பு. ஒப்பந்தம் நிலைத்திருக்கிறது என்று சொல்பவனால்தான் அதன் வாசகங்களை எடுத்துக்காட்டி, இதற்கு மேல் உனக்கு உரிமை இல்லை என்று எதிர்த்தரப்பிடம் சொல்ல முடியும். முடிக்கு விசுவாசம் தெரிவிக்கும் தீர்மானத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

பெப்ரவரி 3

பட்டத்தைப் பற்றி ஒரு வரி. பட்டத்தை வைத்துத்தான் தீர்ப்பென்றால், இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தையும் அதே கூண்டில் ஏற்ற வேண்டிவரும். எம்.பி.ஈ. என்பது பட்ட வரிசையில் அடிப்படி. 'சேர்' அதைவிடப் பல படி உயரம். தண்டனையையும் அந்த விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

பெப்ரவரி 5

நிலச் சட்டங்களைச் சற்று விரிவாக எழுதாமல் மேலே போக முடியாது.

1894இல் கோல்ட் கோஸ்ட் அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. தரிசு நிலம், காடு, கனிமம் ஆகியவற்றை முடியின் உடைமை ஆக்குவதே அதன் நோக்கம். எதிர்ப்பு எழுந்ததால் அது கைவிடப்பட்டது. 1897இல் வேறு வடிவில் திரும்பி வந்தது: உடைமை முடிக்கு என்று நேரடியாகச் சொல்லாமல், பொதுநிலத்தை நிர்வகிக்கும் அதிகாரம் மட்டும் அரசுக்கு என்றது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் ஓர் ஆபிரிக்கருக்குத் தன் சொந்த மண்ணில் கிடைக்கக்கூடியது குடியேறியவருக்குரிய உரிமைதான். காணி வழக்குப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது எந்த வகைத் தந்திரம் என்று உடனே விளங்கும். உரிமையாளரை வெளியேற்றத் தேவையில்லை. அவர் எந்த உரிமையின் பேரில் அங்கே இருக்கிறார் என்பதை மாற்றி எழுதினால் போதும்.

அந்த மண்ணில் ஆளில்லாத நிலம் என்று ஓர் அங்குலமும் இல்லை என்பது எதிர்வாதம். காடாகக் கிடந்தாலும் அது ஒரு குடும்பத்துக்கோ, ஒரு கிராமத்துக்கோ, ஒரு தலைவரின் பீடத்துக்கோ உரியது. (ஃபான்டியர் உள்ளிட்ட அக்கான் மக்களிடையே தலைமைக்கு அடையாளம் மரத்தால் செய்த பீடம். தலைவர் வருவார், போவார். நிலம் பீடத்தோடு நிற்கும்.) மக்களின் உரிமைகளைக் காப்பதற்கான சங்கம், அபோரிஜினிஸ் சங்கம் என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது, அதே 1897இல் கேப் கோஸ்டில் உருவானது. ஃபான்டி வழக்காற்றுச் சட்டத்தைத் தொகுத்து நூலாக்கிய ஜான் மென்சா சார்பா சட்டசபையின் முன் தோன்றி மசோதாவை எதிர்த்து வாதிட்டார். 1898இல் சங்கத்தின் தூதுக்குழு லண்டன் சென்று குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ஜோசப் சேம்பர்லேனைச் சந்தித்தது, மசோதா கைவிடப்பட்டது. கேஸ்லி ஹேஃபர்ட் அப்போது பாரிஸ்டராகி ஊர் திரும்பிய புதிது. அவருடைய பொதுவாழ்வு முழுவதும் இந்த வெற்றியின் நிழலில் நடந்தது என்றே சொல்வேன்.

இலங்கையிலும் இதே 1897ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம் தரிசு நிலச் சட்டம்தான். அறிவித்தல் ஒட்டப்பட்டு, உரிய காலத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் நிலம் முடிக்குரியது. இங்கே அது நிறைவேறியது, அங்கே அதன் சகோதரச் சட்டம் விழுந்தது. 1840இலேயே காடும் தரிசும் முடிக்குரியவை என்ற ஊகம் இலங்கைச் சட்டத்தில் ஏறிவிட்டிருந்தது; அதற்கடுத்த அரை நூற்றாண்டில் கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் வந்து வேர்விட்டன. கோல்ட் கோஸ்டில் அப்படியொரு தோட்டத்துரை வர்க்கம் இல்லாதது தூதுக்குழுவின் திறமைக்குச் சமமான காரணம் என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 6

"அவரே சுரங்கக் கம்பனிகளுக்கு ஒப்பந்தம் எழுதிப் பணம் சம்பாதித்தவர்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம். கேப் கோஸ்டோடு ஆக்சிம், செகொண்டி ஆகிய மேற்குக் கரை நகரங்களிலும் அவர் தொழில் நடத்தினார். தங்க வயல்களுக்கும் மரக் காடுகளுக்கும் அவைதான் வாசல். செகொண்டியிலிருந்து புறப்பட்ட ரயில்பாதை 1901இல் தார்க்குவாவையும் 1903இல் குமாசியையும் எட்டியது. சலுகை உரிமை தேடி ஐரோப்பியக் கம்பனிகள் வரிசையில் நின்றன. தலைவர் நிலத்தைக் குத்தகைக்கு விட, அதை நீதிமன்றம் சரிபார்க்க வேண்டும் என்று 1900ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. நீதிமன்றம் என்றால் வழக்குரைஞர், வழக்குரைஞர் என்றால் கட்டணம்.

மக்கள் நிலத்துக்கு மக்களே உரிமையாளர் என்று வென்ற அன்றே, உரிமையாளர் அதை விற்கவும் உரிமை உண்டு என்பதும் வென்றுவிட்டது. அந்த வெற்றியில் வழக்குரைஞர்களுக்கு நேரடி இலாபம் இருந்தது. இதை மறைத்து எழுதும் வாழ்க்கைக் குறிப்புகளை நான் நம்புவதில்லை. அதற்காக நிலப் போராட்டமே கட்டணத்துக்காக நடந்தது என்று சொல்வதும் சரியன்று.

பெப்ரவரி 9

நாவலைப் பற்றிப் பலரும் கேட்டார்கள். 1911இல் லண்டனில் வெளியான 'எத்தியோப்பியா அன்பவுண்ட்' என்ற நூலை முதல் முறை நான் பாதியில் வைத்துவிட்டேன். நாவல் என்று எடுத்தால் அது கையில் நிற்பதில்லை. க்வாமங்க்ரா என்ற ஃபான்டி இளைஞர் லண்டனில் சட்டம் படிக்கிறார், வைட்லி என்ற ஆங்கில இறையியல் மாணவரோடு கிறிஸ்துவைப் பற்றி வாதிடுகிறார், ஊர் திரும்புகிறார், இறந்துபோன மனைவி மன்சாவை மறுவுலகில் காண்கிறார், இடையிடையே பல்கலைக்கழகம் பற்றியும், ஜப்பானைப் பற்றியும், ஆபிரிக்கத் தனித்தன்மையை வலியுறுத்திய எட்வர்ட் பிளைடனின் சிந்தனையைப் பற்றியும் முழுக் கட்டுரைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கதை ஓடுவதே அபூர்வம்.

பல ஆண்டுகள் கழித்து, அவருடைய 1903ஆம் ஆண்டு நூலான 'கோல்ட் கோஸ்ட் நேட்டிவ் இன்ஸ்டிடியூஷன்ஸ்' படித்த பிறகு இதைத் திரும்ப எடுத்தேன். அப்போதுதான் பிடிபட்டது. முதல் நூலில் அவர் ஃபான்டி, அசாந்தி ஆட்சி முறைகளை ஆவணங்களோடு விவரித்து, இங்கே ஏற்கெனவே ஓர் அரசியலமைப்பு இருக்கிறது என்று அதிகாரிகளிடம் வாதிடுகிறார். நாவலில் அதே வாதத்தைப் படித்த ஆபிரிக்கர்களிடம் கொண்டுபோகிறார். தன் மொழியில் கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகம், தன் உடை, தன் பெயர் ஆகியவற்றை வைத்துக்கொண்டே நவீன அறிவைப் பெற முடியும் என்பதற்குத்தான் ஜப்பான் சாட்சியாக வருகிறது. அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸ் சொன்ன இரட்டைத் தன்னுணர்வு, அதாவது தன்னை எப்போதும் பிறர் கண்ணாலும் பார்த்துக்கொள்ளும் நிலை, சொந்த மண்ணில் வேரூன்றிய ஆபிரிக்கரிடம் இல்லை என்று அவர் மறுக்கும் பகுதியை இன்றும் நான் முழுமையாக ஏற்கவில்லை. ஆங்கிலத்தில், லண்டனில் அச்சிட்டு, இரட்டைத் தன்னுணர்வு எனக்கில்லை என்று ஒருவர் சொல்லும்போது சற்றுச் சந்தேகம் வரத்தான் செய்கிறது.

பெப்ரவரி 10

ஒரு திருத்தம், மேலே ஒருவர் எழுதியதற்கு. ஆபிரிக்கர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் என்று இதைச் சொல்லக்கூடாது. லைபீரியரான ஜோசப் வால்ட்டர்ஸ் எழுதிய 'குவான்யா பாவ்' 1891இலேயே வந்துவிட்டது. முதல் நாவல்களில் ஒன்று என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பெப்ரவரி 14

பெப்ரவரி 5ஆம் நாள் குறிப்பைப் படித்த ஒருவர், நிலத்தை அரசு எடுப்பது எப்போதுமே கொள்ளைதானா, விற்றுத் தீர்க்கும் தலைவர்களிடமிருந்து மக்களைக் காப்பதாகவும் இருக்கலாமே என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 1912இல் இதே வாதத்தை லண்டனில் முன்வைத்தவர்கள் ஆபிரிக்கருக்கு நண்பர்கள். கொங்கோவில் நடந்த கொடுமைகளை அம்பலப்படுத்திய ஈ. டி. மோரல் அவர்களில் முக்கியமானவர். வடநைஜீரியாவில் உள்ளதுபோல நிலத்தின் மேலாண்மை அரசின் கையில் இருந்தால் கம்பனிகள் உள்ளே வரமுடியாது என்பது அவர்கள் கருத்து. இதன் விளைவாகவே மேற்கு ஆபிரிக்க நிலக் குழு அமைக்கப்பட்டது.

அதே ஆண்டில் கேஸ்லி ஹேஃபர்ட், ஈ. ஜே. பி. பிரவுன், ஹட்டன்-மில்ஸ், மருத்துவர் குவார்ட்டே-பாப்பாஃபியோ ஆகியோர் வனச் சட்டத்தை எதிர்த்து லண்டன் போனார்கள். அடுத்த ஆண்டே நிலப் பிரச்சினையைப் பற்றித் தனி நூல் எழுதினார் கேஸ்லி ஹேஃபர்ட். ஆங்கிலேய நண்பர்களின் நல்லெண்ணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காக்கும் அதிகாரத்தை ஒருமுறை கொடுத்தால், அதைத் திரும்பக் கேட்க எந்த நீதிமன்றத்துக்குப் போவது? குழுவின் அறிக்கை வரைவு நிலையிலேயே நின்று, வெளியிடப்படாமல் போனது. வனப் பாதுகாப்பில் மட்டும் அவர் தரப்பு அலட்சியமாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது; கொக்கோ பரவிய வேகத்தில் காடு அழிந்துகொண்டிருந்தது உண்மை.

பெப்ரவரி 19

இழையின் மையம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். முதல் நாள் குறிப்பில் அவருடைய வாதத்தின் பலத்தை மட்டும் சொன்னேன். அதே வாதம் அவர் மீதே திரும்பிய கதை 1920இல் நடந்தது.

அந்த மார்ச்சில் அக்ராவில் பிரித்தானிய மேற்கு ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் முதன்முறையாகக் கூடியது. கோல்ட் கோஸ்ட், நைஜீரியா, சியாரா லியோன், கம்பியா என்ற நான்கு நாடுகளிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தார்கள். தலைவர் ஹட்டன்-மில்ஸ், துணைத் தலைவர் கேஸ்லி ஹேஃபர்ட். சட்டசபையில் பாதி உறுப்பினர்கள் தெரிவு செய்யப்பட வேண்டும், வரவு செலவை ஆபிரிக்கப் பிரதிநிதிகள் கட்டுப்படுத்த வேண்டும், அரச சேவையில் நிறபேதம் ஒழிய வேண்டும், மேற்கு ஆபிரிக்காவுக்கு ஒரு பல்கலைக்கழகமும் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேண்டும். கேட்டவை இவ்வகையானவை. தூதுக்குழு லண்டன் சென்றது.

அங்கே அவர்கள் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: நீங்கள் யாருடைய பிரதிநிதிகள்? அந்தக் கேள்வியை ஊரிலிருந்தே கூர்மையாக எழுப்பியவர் ஆக்யெம் அபுவாக்வா என்ற நாட்டின் ஓமன்ஹேனே (உயர் தலைவர்), நானா ஓஃபோரி அத்தா. அவர் பழமைவாதக் கிராமத் தலைவர் என்று எண்ணிவிட வேண்டாம். மிஷன் கல்வி பெற்றவர், ஆங்கிலத்தில் வல்லவர், கேஸ்லி ஹேஃபர்ட் நுழைந்த அதே 1916இல் சட்டசபைக்குள் நுழைந்தவர். மக்களின் சார்பில் பேசும் உரிமை தங்கள் ஆலோசகர்களோடு ஆளும் தலைவர்களுக்கே உரியது, காங்கிரஸுக்கு அந்த ஆணையைத் தலைவர்கள் கொடுக்கவில்லை என்பதே அவர் வாதம்.

இது எங்கே படித்ததுபோல் இருக்கிறதே என்று 1903ஆம் ஆண்டு நூலைத் திறந்தால், அங்கே கேஸ்லி ஹேஃபர்ட்டின் கையால் எழுதப்பட்டே இருக்கிறது. தலைவர் தனிமனிதர் இல்லை, சபையோடு சேர்ந்தே அவர் தலைவர், சபைக்குப் பொருந்தாவிட்டால் பீடத்திலிருந்து இறக்கப்படுவார், ஆகவே இதுவே மக்களாட்சி என்று தேசாதிபதிகளுக்குப் பாடம் எடுத்தவர் அவர். பாடம் கேட்டவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். அப்படியானால் கேப் கோஸ்ட் வழக்குரைஞரே, உமக்கு இங்கே என்ன வேலை என்று திருப்பிக் கேட்டார்கள்.

ஒருவர் தன் கட்சிக்காரரின் காணி உறுதியை நீதிமன்றத்தில் நிரூபித்துவிட்டு, பிறகு அந்தக் காணியில் தனக்கும் பங்கு உண்டு என்று நின்றால் என்ன நிலையோ, அந்த நிலை. 1921இன் தொடக்கத்தில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் மில்னர் கோரிக்கைகளை நிராகரித்தார்.

பெப்ரவரி 20

காங்கிரஸை மிகக் கடுமையாக ஏளனம் செய்தவர் நைஜீரியத் தேசாதிபதி சேர் ஹியூ கிளிஃபர்ட். தம்மைத் தாமே தெரிவு செய்துகொண்ட படித்த கனவான்களின் கூட்டம் என்ற பொருளில், 1920 டிசம்பரில், நைஜீரியச் சபையில் பேசினார். சுவையான செய்தி என்னவென்றால், 1916இல் கோல்ட் கோஸ்ட் சட்டசபையை விரிவாக்கி, கேஸ்லி ஹேஃபர்ட்டுக்கும் ஓஃபோரி அத்தாவுக்கும் இடம் கொடுத்த தேசாதிபதி இதே கிளிஃபர்ட்தான். தாம் தெரிவு செய்தால் பிரதிநிதி, அவர்களாகவே கூடினால் கேலிக்கூத்து.

எங்களுக்கும் இவர் அந்நியர் இல்லை. ஆபிரிக்காவுக்குப் போகுமுன் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்தார். 1925இல் தேசாதிபதியாகத் திரும்பினார். இங்குள்ள சட்டசபை வேலைசெய்யவில்லை என்று 1926இல் அவர் அனுப்பிய அறிக்கை, இலங்கையின் அரசியலமைப்பை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழு வருவதற்கான காரணங்களில் ஒன்று. இலங்கைத் தேசிய காங்கிரஸ் 1919 டிசம்பரில், அக்ரா மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்னர்தான் தொடங்கியது. இரண்டு காங்கிரஸையும் பார்க்கும் வாய்ப்புப் பெற்ற தேசாதிபதி என்ற முறையில் அவர் பொறாமைப்படத் தக்கவர்; அவர் அதை அப்படி எண்ணியிருக்க மாட்டார்.

நைஜீரியாவுக்கு 1922இல் அவரே கொண்டுவந்த அரசியலமைப்பில் லாகோஸுக்கு மூன்று, கலபாருக்கு ஒன்று என்று தெரிவு செய்யப்படும் ஆசனங்கள் இருந்தன. கேலி செய்தவர் கொடுத்தது அது. காங்கிரஸின் அழுத்தம் இல்லாமல் அது அவ்வளவு விரைவில் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

பெப்ரவரி 23

என் தொழில் சார்ந்த ஒரு மகிழ்ச்சியை இங்கே பதிந்துவிடுகிறேன். காங்கிரஸ் தூதுக்குழு லண்டனில் கதவு தட்டிக்கொண்டிருந்த நாட்களில், லாகோஸிலிருந்து வேறொரு வழக்கும் அங்கே வந்திருந்தது. லாகோஸின் தலைவர்களில் ஒருவரான, ஒலுவா என்ற பட்டம் கொண்ட அமோடு திஜானி, தம் சமூகத்தின் அப்பாப்பா நிலத்தை அரசு எடுத்துக்கொண்டதற்கு முழு இழப்பீடு கேட்டுப் லண்டன் பிரிவி கவுன்சில் வரை வந்தார். அவரோடு வந்தவர் லாகோஸின் தேசியவாதி ஹெர்பர்ட் மெக்கோலி. 1921இல் ஹால்டேன் பிரபு தீர்ப்பளித்தார். லாகோஸ் 1861இல் முடிக்குக் கையளிக்கப்பட்டிருந்தாலும் சமூகத்தின் நில உரிமை அதனால் அழியவில்லை. ஆங்கிலச் சொத்துரிமையின் அச்சில் அந்த உரிமையை வார்க்கக்கூடாது. தலைவர் ஒருவகையில் நம்பிக்கைப் பொறுப்பாளர்.

ஆக, மில்னர் மறுத்த அதே ஆண்டில், 1897 முதல் கேப் கோஸ்ட் வழக்குரைஞர்கள் சொல்லிவந்த வாதத்தின் முக்கியப் பகுதியைப் பேரரசின் உயர்ந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நில உரிமை உண்டு, வாக்குரிமை இல்லை. வழக்காகப் போனதற்கு விடை கிடைத்தது, மனுவாகப் போனதற்குக் கிடைக்கவில்லை.

பெப்ரவரி 27

குடும்பத்தைப் பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக. கேஸ்லி ஹேஃபர்ட்டின் இரண்டாவது மனைவி அடிலெய்ட் ஸ்மித் சியாரா லியோனைச் சேர்ந்தவர். கணவரை விட்டுப் பிரிந்து ஃப்ரீடவுன் திரும்பி, 1923இல் அங்கே பெண்களுக்கான தொழிற்பள்ளியை நிறுவினார். அவர்களின் மகள் கிளாடிஸ் கவிஞர். படித்த ஆபிரிக்கப் பெண் தன் உடையிலும் பண்பாட்டிலும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதை நாவலில் எழுதியவர் கணவர், பள்ளி நடத்திக் காட்டியவர் மனைவி. அவரைப் பற்றித் தனி இழை தொடங்குவதே முறை.

மார்ச் 3

1925இல் கோல்ட் கோஸ்டுக்குப் புதிய அரசியலமைப்பு வந்தது. சட்டசபையில் அதிகாரிகள் 15 பேர், மற்றவர்கள் 14 பேர்; அந்த 14இல் ஆபிரிக்கர் 9. அந்த ஒன்பதில் ஆறு ஆசனங்கள் தலைவர்களின் மாகாண சபைகளுக்கு, மூன்று மட்டும் அக்ரா, கேப் கோஸ்ட், செகொண்டி நகர வாக்காளர்களுக்கு. ஓஃபோரி அத்தாவின் வாதம் சட்டமாகிவிட்டது என்று பொருள். அபோரிஜினிஸ் சங்கம் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. கேஸ்லி ஹேஃபர்ட்டும் முதலில் எதிர்த்தார். பிறகு 1927இல் செகொண்டியில் நின்று சட்டசபைக்குப் போனார்.

வழக்குரைஞர் கோபினா செக்யியும் கேப் கோஸ்டின் அபோரிஜினிஸ் சங்கத்தாரும் இதைத் துரோகம் என்றார்கள். இழையைத் தொடங்கியவரின் குற்றச்சாட்டுக்கு உண்மையான ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. 1919ஆம் ஆண்டின் பதக்கத்தில் இல்லை. ஒப்பந்தம், வழக்காறு, சபை என்று முப்பது ஆண்டு பேசியவர், அந்த மூன்றையும் தமக்கு எதிராக வளைத்து எழுதிய சட்டத்தின் கீழ் ஆசனம் ஏற்றார். 1929இல் ஓஃபோரி அத்தாவுடனும் சமாதானம் ஆனார்.

நான் செக்யியின் பக்கம் சாயத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. வெளியே நின்றால் தூய்மை மிஞ்சும், ஆனால் சபையில் அவர்கள் குரல் இருக்காது. தலைவர்களின் குரல் மட்டுமே இருக்கும். அதே சமயம், தலைவர்களோடு இணங்காமல் கரையோரப் படித்தவர்களால் மட்டும் எதுவும் நடக்காது என்பதை 1920இல் பட்டு அறிந்தவர் அவர். அந்தச் சமாதானத்தைத் தளர்ச்சி என்று சொல்வதைவிட, 1903இல் தாம் எழுதியதன் விளைவைத் தாமே ஏற்றுக்கொண்டது என்று சொல்வேன். இதை ஏற்காதவர்கள் எழுதுங்கள். செக்யியின் தரப்பு வலுவானதுதான்.

காங்கிரஸ் அக்ராவுக்குப் பிறகு ஃப்ரீடவுன், கம்பியாவின் பாதர்ஸ்ட், லாகோஸ் ஆகிய இடங்களில் கூடியது. 1930 ஆகஸ்டில் அவர் இறந்த பிறகு மேலே நடக்கவில்லை.

மார்ச் 8

அவர் இறந்ததோடு பிரதிநிதித்துவச் சண்டை முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 1934இல், அரச நிந்தனைச் சட்டத்தையும் குடிநீர் வரியையும் எதிர்த்து கோல்ட் கோஸ்டிலிருந்து இரண்டு தூதுக்குழுக்கள் லண்டன் போயின. ஒன்றுக்குத் தலைவர் ஓஃபோரி அத்தா. மற்றொன்று அபோரிஜினிஸ் சங்கத்தினுடையது. நாட்டின் உண்மையான குரல் தாங்களே என்றன இரண்டும். குடியேற்ற அமைச்சு இரண்டையும் கேட்டுவிட்டு இரண்டையும் வெறுங்கையோடு அனுப்பியது.

கேஸ்லி ஹேஃபர்ட்டின் முதல் மனைவியின் மகன் ஆர்ச்சியும் வழக்குரைஞர். 1950இல் சிறைக்குப் போன, பின்னாளில் கானாவை விடுதலைக்கு இட்டுச்சென்ற நிக்ரூமாவின் ஆட்களுக்காக வாதாடி, பின்னர் நிக்ரூமாவின் அமைச்சரவையில் இருந்தவர். படித்தவர்களையும் தலைவர்களையும் ஒருசேர ஒதுக்கிவிட்டு வந்த கட்சி நிக்ரூமாவினுடையது. அதைப் பற்றிய விவாதத்தை ஆர்ச்சியின் பெயரில் புதிதாகத் தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.